வராத பிள்ளைக்கு சைபர் போட்டது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஐசிடி படிப்பிக்கும் ஆசிரியர்கள், புரோகிராமிங் பழகும் உயர்தரப் பிள்ளைகள், பாடசாலைக்கும் கடைக்கும் சின்னச் சின்ன மென்பொருள் செய்து கொடுக்கும் தம்பி தங்கைகள் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள். மற்றவர்களும் வாசிக்கலாம். கணினி மொழி தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி எழுதப் பார்க்கிறோம்.

எங்கள் பாடசாலையில் ஐசிடி எடுப்பவர்கள் நாங்கள் இருவர். தவணைப் பரீட்சை முடிந்தால் வகுப்பாசிரியர்களின் பாடு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். 42 பிள்ளைகள், 9 பாடங்கள், மொத்தம், சராசரி, வகுப்பில் எத்தனையாம் இடம். கல்குலேட்டரோடு இரண்டு மூன்று இரவு முழித்திருக்க வேண்டும். "இதற்கு நாங்களே ஒரு பக்கம் செய்து கொடுப்போமே" என்று ஜாவாஸ்கிரிப்டில் ஒன்று எழுதினோம். லெப்டொப்பில் பிரவுசரைத் திறந்து புள்ளிகளை அடித்தால் போதும். கூட்டல், சராசரி, இடம் எல்லாம் ஒரே தட்டில் வந்துவிடும். ஓய்வறையில் நல்ல பெயர் கிடைத்தது. பிளேன்டீயும் கிடைத்தது.

அறிக்கைகள் வீட்டுக்குப் போய் ஒரு வாரத்தில் 10ஆம் தரத்துப் பிள்ளை ஒருத்தியின் உம்மா பாடசாலைக்கு வந்தார். கையில் தேர்ச்சி அறிக்கை. அந்தப் பிள்ளை டெங்குக் காய்ச்சலில் வார்ட்டில் இருந்ததால் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் வரவில்லை. எழுதிய 7 பாடங்களிலும் சேர்த்து 511 புள்ளி. சராசரி 73. ஆனால் அறிக்கையில் இருந்த சராசரி 56.8. கணிதம் 0. விஞ்ஞானம் 0. நல்லாப் படிக்கிற பிள்ளை, வகுப்பில் எங்கேயோ பின்னுக்குப் போய்விட்டாள்.

அந்த உம்மா சத்தம் போடவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"சேர், என்ட புள்ள சோதினைக்கே வரல்லயே. வராத புள்ளக்கி சைபர் போட்டது யாரு?"

தேடிப் பார்த்தோம். வகுப்பாசிரியர் போடவில்லை. அவருடைய பதிவேட்டில் சிவப்புப் பேனையால் 'ஏபி' என்று தெளிவாக எழுதியிருந்தார். கணித ஆசிரியரும் போடவில்லை, விஞ்ஞான ஆசிரியரும் போடவில்லை. புள்ளிகளைப் பக்கத்தில் அடித்தவர் அந்த இரண்டு பெட்டிகளையும் வெறுமையாக விட்டிருந்தார், அவரும் போடவில்லை. ஒருவருமே போடவில்லை. ஆனால் சைபர் விழுந்திருந்தது.

போட்டது நாங்கள். மூன்று மாதத்துக்கு முன்னர், அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில், கோட்டின் ஒரு வரியில் போட்டு வைத்திருந்தோம். அந்த வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் தெரியாதவர்களுக்காக. பங்ஷன் என்பது ஒரு வேலையைச் செய்து தரும் கோட் துண்டு. வேலைக்கு வேண்டிய சாமானை அடைப்புக்குறிக்குள் கொடுப்போம். அதை வாங்கிக்கொள்ளும் இடத்துக்குப் பெயர் பராமீட்டர். சாமான் வராவிட்டால் எதை வைத்துக்கொண்டு வேலையை நடத்துவது என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் டிபோல்ட். டீக்கடையில் "ஒரு டீ" என்று மட்டும் சொன்னால் சீனி போட்டுத்தான் வரும். நாங்கள் சீனி கேட்கவில்லை. கேட்காதவருக்கு என்ன கொடுப்பது என்று கடைக்காரர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறார். பெரும்பாலும் அது வசதிதான். நீரிழிவுக்காரர் சொல்ல மறந்த அன்றுதான் பிரச்சினை.

எங்கள் வரி இப்படி இருந்தது:

பங்ஷன் கூட்டு(மொத்தம், புள்ளி = 0)

(கோட்டைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறோம். ஜாவாஸ்கிரிப்டில் மாறிகளுக்கும் பராமீட்டர்களுக்கும் தமிழில் பெயர் வைக்கலாம், உண்மையிலேயே ஓடும். 'பங்ஷன்' போன்ற மொழியின் சொந்தச் சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.)

அர்த்தம் இதுதான்: புள்ளி வந்தால் அதைக் கூட்டு. வராவிட்டால் 0 என்று வைத்துக் கூட்டு. அந்தச் சமன் குறிக்குப் பக்கத்தில் இருக்கும் சைபர்தான் அந்தப் பிள்ளையின் அறிக்கையில் போய் உட்கார்ந்தது.

ஏன் போட்டோம்? இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலில் அந்த 0 இருக்கவில்லை. பக்கத்தைச் சோதித்துப் பார்த்தபோது வெறும் பெட்டி வந்த இடமெல்லாம் மொத்தம் 'நான்' என்று காட்டியது. 'எண் அல்ல' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. வாசித்தால் எங்கள் 'நான்' மாதிரியே இருக்கும். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். "சேர், மொத்தம் எவ்வளவு என்று கேட்டா கொம்பியூட்டர் நான் நான் என்குது." எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சமன் போட்டு 0 என்று அடித்தோம். 'நான்' மறைந்தது. திரை அழகாகிவிட்டது. வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

இப்போது யோசித்தால் அந்த 'நான்' உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. "இந்தப் பிள்ளைக்கு இரண்டு பாடத்தில் புள்ளி இல்லை, மொத்தம் சொல்ல முடியாது" என்றது. உண்மை சொன்ன வாயை நாங்கள் ஒரு சைபரால் அடைத்துவிட்டோம்.

எங்கள் கருத்து இதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டிபோல்ட் பராமீட்டரைக் கோட்டைச் சுருக்கும் வசதி என்று மட்டும் படிப்பிப்பது பிழை. பேசாத ஒருவர் சார்பில் நாங்கள் எழுதி வைக்கும் பதில் அது. அந்தப் பதிலை எழுத எங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்கவும் சேர்த்துப் படிப்பிக்க வேண்டும்.

மொழியைக் குறை சொல்லவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்து நாளில் முதல் வடிவம் கொடுத்த மொழி. பங்ஷனுக்கு இரண்டு சாமான் தேவை என்று எழுதிவிட்டு ஒன்றை மட்டும் கொடுத்தாலும் அது கோபிக்காது. கொடுக்காததை 'அன்டிபைன்ட்' என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். பைதன் அப்படியில்லை, டிபோல்ட் எழுதாத இடத்தில் சாமான் குறைந்தால் உடனே எரர் காட்டி நின்றுவிடும். உயர்தரத்தில் பைதன் படித்துவிட்டு ஜாவாஸ்கிரிப்டுக்கு வரும் பிள்ளைகள் முதலில் தடுக்கி விழும் இடம் இது.

டிபோல்ட் எழுதும் வசதி ஜாவாஸ்கிரிப்டுக்கு 2015 ஜூனில் வந்த ஆறாம் பதிப்போடுதான் கிடைத்தது. அதற்கு முதல் இருபது வருடமாக ஆட்கள் ஒரு குறுக்குவழியைப் பாவித்தார்கள்:

புள்ளி = புள்ளி || 50

இரண்டு நேர்கோடு. "இடது பக்கத்தில் ஏதாவது இருந்தால் அது, இல்லாவிட்டால் வலது பக்கம்" என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். பிரச்சினை என்னவென்றால் இந்த இரண்டு கோட்டுக்கு 0வும் ஒன்றுமில்லாததுதான். வெற்று எழுத்தும் ஒன்றுமில்லாதது, 'பொய்' என்ற பெறுமதியும் ஒன்றுமில்லாதது. ஒரு பிள்ளை உண்மையிலேயே சைபர் எடுத்திருந்தால் அவனுக்கு 50 போய்விடும். புதிய டிபோல்ட் இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. சாமான் வராவிட்டால், அல்லது 'அன்டிபைன்ட்' வந்தால் மட்டும்தான் அது வேலை செய்யும். 0 வந்தால் 0வாகவே எடுத்துக்கொள்ளும். அந்த வகையில் இது நல்ல திருத்தம். நாங்களும் தினமும் பாவிக்கிறோம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. உம்மா வந்துபோன அன்று பின்னேரமே உட்கார்ந்து திருத்தினோம். 0வை எடுத்துவிட்டு டிபோல்டை 'வரவில்லை' என்று மாற்றினோம். புள்ளிக்குப் பதில் 'வரவில்லை' வந்தால் அந்தப் பாடத்தைக் கூட்டாதே, சராசரிக்கு வகுக்கும்போதும் அந்தப் பாடத்தை எண்ணாதே என்று எழுதினோம். சோதித்தோம். 511ஐ 7ஆல் வகுத்து 73 வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வீட்டுக்குப் போனோம்.

அடுத்த நாள் காலையில் சேமித்து வைத்த கோப்பைத் திறந்தால் திரும்பவும் 56.8!

காரணம் கண்டுபிடிக்க இரண்டு பாடவேளை போனது. ஒவ்வொரு பிள்ளைக்கும் 9 இடம் உள்ள ஒரு வரிசையில் புள்ளிகளை வைத்திருந்தோம். வெறும் பெட்டிக்குரிய இடத்தில் எதுவும் வைக்காமல் விட்டிருந்தோம். அது நினைவகத்தில் இருக்கும்போது 'அன்டிபைன்ட்'. ஆனால் ஜேசன் வடிவத்தில் சேமிக்கும்போது 'அன்டிபைன்ட்' என்ற ஒன்று அங்கே கிடையாது. வரிசையில் உள்ள வெற்றிடத்தை அது 'நல்' என்று எழுதிவிடும். திரும்ப வாசிக்கும்போது 'நல்'லாகவே வரும். எங்கள் டிபோல்டோ 'நல்' வந்தால் அசையாது. "ஏதோ கொடுத்திருக்கிறார்கள்தானே" என்று விட்டுவிடும். அந்த 'நல்'லைக் கொண்டுபோய் ஓர் எண்ணோடு கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும். எரர் இல்லை, 'நான்' இல்லை, ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் வாசலால் வெளியே அனுப்பிய சைபர் பின்கதவால் உள்ளே வந்துவிட்டது.

இதே மாதிரி இன்னொன்று. வெப் பக்கத்தின் வெறும் பெட்டியிலிருந்து நேரடியாகப் பெறுமதியை எடுத்தால் கிடைப்பது வெற்று எழுத்து. அதற்கும் டிபோல்ட் அசையாது. அந்த வெற்று எழுத்தை எண்ணாக மாற்றச் சொன்னால் வருவது என்ன? அதே 0. இந்த மொழியில் ஒன்றுமில்லாததற்கு நாலைந்து முகம். அவற்றில் சில முகங்கள் கடைசியில் சைபராகத் தெரியும்.

எங்களில் ஒருவர் பொறுமை இழந்து பழைய இரண்டு கோட்டுக்கே போவோம் என்றார். அது 'நல்', 'அன்டிபைன்ட்', வெற்று எழுத்து எல்லாவற்றையும் பிடித்து 'வரவில்லை' என்று மாற்றிவிடும். பிடித்தது. ஆனால் சித்திரப் பாடத்துக்கு வந்து, உட்கார்ந்து, வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு உண்மையாகவே 0 எடுத்த ஒரு பையனையும் 'வரவில்லை' ஆக்கிவிட்டது. வராத பிள்ளைக்கு சைபர் கொடுத்தோம், இப்போது வந்த பிள்ளையை வரவில்லை என்கிறோம். இரண்டும் அநியாயம்தான். சைபரும் ஒரு புள்ளி. அந்தப் பையன் அதை எடுக்க வந்திருந்தான்.

2020இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு இரண்டு கேள்விக்குறி ( ?? ) என்று ஒரு குறி வந்தது. 'நல்'லையும் 'அன்டிபைன்ட்'டையும் மட்டும் பிடிக்கும், 0வைத் தொடாது. கடைசியில் அதை வைத்து சேமித்த கோப்புகளைச் சரி செய்தோம். அதோடு பெட்டியை வெறுமையாக விட முடியாதபடியும் செய்தோம். ஒன்றில் எண் போட வேண்டும், அல்லது 'ஏபி' என்று போட வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அறிக்கை வராது. வகுப்பாசிரியர் சிவப்புப் பேனையால் செய்ததைத்தான் கொம்பியூட்டரையும் செய்ய வைத்தோம். அவர் தாளில் வெற்றிடம் விடவில்லை. 'ஏபி' என்று எழுதினார். 'தெரியாது' என்பதையும் எழுத வேண்டும் என்று பழைய இடாப்பு முறைக்குத் தெரிந்திருந்தது, எங்கள் கோட்டுக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு இதைப் படிப்பிக்கும்போது இன்னும் மூன்று விஷயம் சேர்த்துச் சொல்கிறோம். ஆசிரிய நண்பர்களுக்குப் பயன்படலாம்.

முதலாவது, பைதனுக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் உள்ள வித்தியாசம். பைதனில் டிபோல்ட் பெறுமதி பங்ஷனை எழுதும் இடத்தில் ஒரே ஒரு தடவைதான் உருவாகும். டிபோல்டாக ஒரு வெற்றுப் பட்டியலை வைத்தால் முதலாவது அழைப்பில் சேர்த்த பெயர் இரண்டாவது அழைப்பிலும் அங்கேயே இருக்கும். 10ஏ வகுப்பின் பெயர்களுக்குப் பின்னால் 10பீ வகுப்பின் பெயர்கள் வந்து குந்தும். ஜாவாஸ்கிரிப்டில் ஒவ்வொரு அழைப்புக்கும் டிபோல்ட் புதிதாக உருவாகும், அதனால் ஒவ்வொரு வகுப்புக்கும் புதிய பட்டியல். ஒன்றில் படித்ததை மற்றதில் அப்படியே பொருத்தினால் பிழைக்கும்.

இரண்டாவது, யாரும் பேசவில்லை என்று நாங்கள் நினைக்கும் இடத்தில் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கலாம். ஒரு பிள்ளை இப்படி எழுதினாள்:

பங்ஷன் சித்தியா(புள்ளி, எல்லை = 35)

35க்கு மேலே, அல்லது 35 என்றால் சித்தி. நல்ல டிபோல்ட். பிறகு வகுப்பின் புள்ளி வரிசை முழுவதிலும் இந்தப் பங்ஷனை ஓட்ட 'மெப்' என்ற வசதியிடம் பங்ஷனின் பெயரை அப்படியே கொடுத்தாள். 'மெப்' ஒவ்வொரு புள்ளியோடும் அது வரிசையில் எத்தனையாவது என்ற எண்ணையும் இரண்டாவது சாமானாகக் கொடுக்கும். அது 0இலிருந்து தொடங்கும். ஆகவே இடாப்பில் முதல் பிள்ளைக்குச் சித்தி எல்லை 0, இரண்டாவது பிள்ளைக்கு 1. அப்படியே போய் 42ஆவது பிள்ளைக்கு 41. முதலாவது பிள்ளை 3 புள்ளி எடுத்தும் சித்தி. கடைசிப் பிள்ளை 38 எடுத்தும் சித்தியில்லை. 35 என்ற டிபோல்ட் ஒரு தடவைகூடப் பாவிக்கப்படவில்லை. இடாப்பில் பெயர் எங்கே இருக்கிறது என்பதே ஒரு பிள்ளையின் தலைவிதியைத் தீர்மானித்தது. கண்டுபிடித்தது யார் தெரியுமா? இடாப்பில் கடைசியாக இருந்த பிள்ளை. "எனக்கு மட்டும் ஏன் சேர்?" என்று கேட்டாள். பாதிக்கப்படுகிறவருக்குத்தான் முதலில் தெரியும்.

மூன்றாவது, டிபோல்டுக்கும் வயது போகும். கடை பில் செய்யும் பயிற்சியில் பிள்ளைகள் எழுதும் வரி இது:

பங்ஷன் பில்(தொகை, வற் = 8)

எங்கள் நாட்டில் 2019 டிசம்பரில் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைந்தது. 2022 ஜூனில் 12 ஆனது. அதே வருடம் செப்டெம்பரில் 15 ஆனது. 2024 ஜனவரியில் 18 ஆனது. இந்த வரியை 2020இல் எழுதியவர் பிழையாக எழுதவில்லை. ஆனால் அதை யாரும் தொடாமல் விட்டால் இன்றைக்கும் 10,000 ரூபா சாமானுக்கு 1,800 ரூபா போட வேண்டிய இடத்தில் 800 ரூபா போட்டுக்கொண்டிருக்கும். சரி, 18 என்று மாற்றிவிடலாம் என்றால் 2020ஆம் ஆண்டின் பழைய பில் ஒன்றைத் திரும்ப அச்சடிக்கும்போது அதற்கும் 18 வீதம் விழும். இரண்டு பக்கமும் பிழை. இங்கே வீதம் டிபோல்டாக இருக்கவே கூடாது. திகதியைக் கேட்டு, அந்தத் திகதிக்குரிய வீதத்தைத் தேடி எடுக்க வேண்டும்.

"அப்படியென்றால் டிபோல்டே வேண்டாமா சேர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டும். பட்டியலைத் திறந்தால் முதலாம் பக்கம் காட்டு, பட்டனின் நிறம் நீலம், தசமத்துக்குப் பின் ஓர் இலக்கம். இவையெல்லாம் நல்ல டிபோல்ட். பிழைத்தாலும் கண்ணுக்குத் தெரியும், ஒரு தட்டில் மாற்றலாம், யாருக்கும் நட்டமில்லை. கொடுத்த சாமானிலிருந்தே கணக்குப் பார்த்து எடுப்பதும் நல்லது. ஜாவாஸ்கிரிப்டில் இடது பக்கத்துப் பராமீட்டரை வலது பக்கத்து டிபோல்டில் பாவிக்கலாம். கூலி(மணி, வீதம், மேலதிகம் = வீதம் * 1.5) என்று எழுதலாம். அங்கே நாங்கள் ஊகிக்கவில்லை, தந்ததை வைத்துக் கணக்குப் பார்க்கிறோம்.

ஆனால் ஒரு மனிதரைப் பற்றிய உண்மைக்கு டிபோல்ட் போடக்கூடாது. புள்ளி, வயது, இரத்த வகை, ஒவ்வாமை இருக்கிறதா இல்லையா, சம்மதம் தந்தாரா இல்லையா. இவற்றில் மௌனம் மௌனமாகவே இருக்க வேண்டும். "எந்த மொழியில் செய்தி வேண்டும்?" என்பதையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறோம். சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகளாக இருக்கும் நாட்டில், மொழி என்ற பராமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சமன் குறி போட்டு ஒன்றை எழுதினால், பதில் சொல்லாத பெற்றோர் எல்லோரும் அந்த மொழிக்காரர் ஆகிவிடுவார்கள். எங்கள் பிள்ளைகள் பாடசாலைக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் பயிற்சியில் தமிழ் என்று போட்டிருந்தார்கள். எங்கள் பாடசாலைக்குச் சரிதான். பக்கத்துப் பாடசாலை அதை இரவல் வாங்கினால் சரியா என்று கேட்டோம். யோசித்தார்கள். கேட்டுவிட்டு அனுப்புவது என்று மாற்றினார்கள்.

கட்டாயம் வேண்டிய சாமானுக்கு ஜாவாஸ்கிரிப்டில் ஒரு நல்ல வழி இருக்கிறது. டிபோல்ட் இருக்க வேண்டிய இடத்தில், எரர் எழுப்பும் இன்னொரு பங்ஷனை அழைக்கலாம்:

பங்ஷன் கூட்டு(மொத்தம், புள்ளி = தரவேண்டும்('புள்ளி'))

'தரவேண்டும்' என்ற பங்ஷனின் ஒரே வேலை "புள்ளி தரப்படவில்லை" என்று எரர் எழுப்பி நிறுத்துவது. புள்ளி வந்தால் அது அழைக்கப்படவே மாட்டாது. வராவிட்டால் மட்டும் சத்தம் போடும். டிபோல்ட் ஒவ்வொரு அழைப்பிலும், தேவைப்பட்டால் மட்டும் உருவாகும் என்பதால்தான் இது நடக்கிறது. பைதனில் இதே மாதிரி எழுதினால் பங்ஷனை எழுதும் இடத்திலேயே வெடித்துவிடும். எங்களுக்கு மிகவும் பிடித்த டிபோல்ட் இதுதான். பேசாதவர் சார்பில் பொய் சொல்லாமல், "இவர் இன்னும் பேசவில்லை, கேளுங்கள்" என்று சொல்கிற டிபோல்ட். 'நல்'லையும் வெற்று எழுத்தையும் இதுவும் பிடிக்காது. அவற்றை உள்ளே ஒரு தடவை தனியாகப் பார்க்கத்தான் வேண்டும்.

எதிர்க் கருத்தும் உண்டு. மென்பொருள் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் சொன்னார்: "சேர், ஒவ்வொன்றுக்கும் எரர் காட்டினால் பாவிக்கிறவர் ஓடிவிடுவார். ஏதாவது ஒன்றைக் காட்டினால்தான் வேலை நடக்கும்." உண்மைதான். புள்ளி அடிக்கும் ஆசிரியர்கள் இப்போது எங்களைக் கொஞ்சம் திட்டுகிறார்கள். 'ஏபி' போடாமல் அறிக்கை வராது என்றால் எரிச்சல்தான். ஆனால் அந்த எரிச்சல் அரை நிமிடம், அதுவும் சம்பளம் வாங்கும் எங்களுக்கு. முன்னர் அந்தக் கஷ்டம் வேறொருவர் தலையில் இருந்தது. டெங்கிலிருந்து எழும்பி வந்த ஒரு பிள்ளை, தொழிலுக்குப் போகாமல் ஒரு காலையைச் செலவழித்து பஸ் ஏறி வந்த ஓர் உம்மா. எங்கள் வசதிக்கான விலையை அவர்கள் கட்டினார்கள். இன்னொன்றையும் யோசியுங்கள். அவர் வந்ததால் எங்களுக்குத் தெரிந்தது. வராத உம்மாமார் எத்தனை பேர்? "கொம்பியூட்டர் போட்டது, சரியாகத்தான் இருக்கும்" என்று அறிக்கையை மடித்து வைத்தவர்கள் எத்தனை பேர்? பழைய அறிக்கைகளை எல்லாம் எடுத்து இடாப்போடு ஒப்பிட்டுப் பார்த்தோம். இன்னும் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். நான்கு வீட்டிலிருந்தும் ஒருவரும் வந்து கேட்கவில்லை.

கலாசாலையில் பயிற்சி எடுத்த காலத்தில் எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. பாடம் முடிந்ததும் "விளங்கிச்சா?" என்று கேட்போம். ஒரு வினாடி பார்ப்போம். யாரும் பேசாவிட்டால் அடுத்த பாடத்துக்குப் போவோம். வகுப்பை மேற்பார்வை செய்ய வந்த விரிவுரையாளர் ஒரு நாள் கேட்டார்: "அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையே, நீங்கள் ஏன் 'ஆம்' என்று எடுத்துக்கொண்டீர்கள்?" அன்றைக்கு அதைக் கற்பித்தல் முறை பற்றிய குறிப்பாகத்தான் எழுதிக்கொண்டோம். இன்றைக்குப் பார்த்தால் அதுவும் டிபோல்ட் பராமீட்டர்தான். விளங்கியது = ஆம். பத்து வருடமாக எத்தனை வகுப்பில் அதை ஓட்டியிருப்போமோ தெரியாது.

ஆகவே ஐசிடி படிப்பிக்கும் நண்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள். அடுத்த தடவை பலகையில் பராமீட்டருக்குப் பக்கத்தில் சமன் குறி போடும்போது இரண்டு நிமிடம் நில்லுங்கள். "இந்தச் சாமானைத் தராதவர் யார்? ஏன் தராமல் விட்டிருப்பார்? நாம் எழுதும் இந்தப் பதிலை அவரிடம் காட்டினால் ஒப்புக்கொள்வாரா?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். கோட் எழுதும் விதம் இணையத்தில் கிடைக்கும். இந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். நாளைக்கு இதே பிள்ளைகள் வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் கோட் எழுதப் போகிறார்கள். அங்கேயும் பெட்டிகள் வெறுமையாகக் கிடக்கும்.

அந்தப் பிள்ளைக்குத் திருத்திய அறிக்கை கொடுத்தோம். கணிதம் ஏபி, விஞ்ஞானம் ஏபி, சராசரி 73. உம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "கொம்பியூட்டர் பிழ விட்டிச்சா சேர்?" என்று கேட்டார்.

"இல்லம்மா, பிழை விட்டது நாங்க" என்றோம்.

இதில் ஏதாவது தொழில்நுட்பப் பிழை இருந்தால் கீழே சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ் திருத்திக்கொள்கிறோம். ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள மாட்டோம்.